அக்கரையில் பிறந்த பாட்டுக்காரர்: பி. ரம்லியின் வாழ்வும் பாட்டும்



பரிசளிப்பு விழா மலர் என்றால் படிப்பில் முதல் வந்தவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்பது வழக்கம். நானோ ஒரு பாட்டுக்காரரைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். "பாட்டாவது, கூத்தாவது! படிக்கிற வழியைப் பாருடா" என்று நம் வீடுகளில் சொல்லாதவர் யார்? நானும் அந்த வசவைக் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனாலும் நம் கண்ணெதிரே, கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்து, நம் பட்டர்வொர்த் மண்ணோடு தாய்வழி உறவும் கொண்ட ஒருவரின் சரித்திரத்தை நம் பிள்ளைகள் அறியாமல் இருப்பது சரியா என்ற எண்ணமே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் எப்போதாவது ஒரு சனிக்கிழமை இரவு திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். சாயங்காலமே பாயும் சாக்கும் கொண்டுபோய் இடம் பிடித்துவிடுவோம். ஒரு முறை தமிழ்ப் படம், ஒரு முறை மலாய்ப் படம். மலாய்ப் படம் என்றால் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைக்காதீர்கள். "ரம்லி படமாம்" என்று ஒரு குரல் கிளம்பினால் போதும், லயத்தில் படுத்துக் கிடந்த கிழவர்கூட எழுந்து வருவார். முழு வசனமும் யாருக்குப் புரிந்தது? சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாரும் சிரித்தோம். அவர் பாடும்போது திடலே சத்தமில்லாமல் இருந்தது. மறுநாள் காலை பால் மரத்தடியில் அந்த மெட்டை யாராவது ஒருவர் முணுமுணுத்துக்கொண்டிருப்பார், வாய்க்கு வந்த தமிழ்ச் சொல்லைப் போட்டு!

அந்த ரம்லிதான் பி. ரம்லி.

பிறப்பும் பெயரும்

1929-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22-ஆம் தேதி பினாங்குத் தீவில், கௌண்டர் ஹால் சாலைப் பக்கத்தில் ஒரு மரவீட்டில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தெங்கு சக்காரியா. தந்தையார் தெங்கு ஞாக் புத்தே, சுமத்திராவின் ஆச்சே நாட்டிலிருந்து வந்த மாலுமி. தாயார் செ மா ஹுசேன் யார் தெரியுமா? நம் பட்டர்வொர்த் குபாங் புவாயாவைச் சேர்ந்தவர்! அக்கரையில் பிறந்த பிள்ளை என்றாலும் இக்கரைக்குப் பேரன் அல்லவா?

அது என்ன "பி. ரம்லி" என்று மாணவர்கள் கேட்கலாம். தந்தையின் பெயரான புத்தே என்பதன் முதல் எழுத்துதான் அந்த "பி". நம்மவர்கள் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வதைப் போலவே அவர் பெயரும் அமைந்துவிட்டது. அதனாலோ என்னவோ, எங்கள் தோட்டத்தில் அவரை நம்ம ஆள் என்றே பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளி, பிரான்சிஸ் லைட் பள்ளி, பிறகு 1816-இல் தொடங்கப்பட்ட புகழ்பெற்ற பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் என்று அவருடைய படிப்பு நடந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். படிப்பு நின்றது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அவர்கள் நடத்திய கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதை நம் தோட்டத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வளர்த்ததும், சயாம் மரண ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திரும்பாததும் நம் பாட்டன் பாட்டிகள் சொல்லிச் சொல்லி அழுத கதைகள். அந்த இருண்ட நாட்களில்தான் இந்தச் சிறுவன் இசையைப் பிடித்துக்கொண்டான். முதலில் உக்குலேலே என்ற நான்கு நரம்புச் சிறு வாத்தியம், பிறகு கித்தார், பிறகு வயலின்.

பினாங்கு கொடுத்த காது

ஒரு பாட்டுக்காரர் வானத்திலிருந்து குதிப்பதில்லை. அவர் காதில் என்னென்ன விழுந்தது என்று பார்க்க வேண்டும். பினாங்கு ஒரு துறைமுகம். கப்பல் வந்தால் சரக்கோடு பாட்டும் இறங்கும். மலாய்க்காரர்களின் அஸ்லி, ஜோகெட், இனாங், ஜாவாவின் குரொஞ்சோங், அரபு நாட்டு மெட்டு, சீனர் தெருக் கூத்து, கோயில் திருவிழாவில் நம் நாதசுவரமும் தவிலும், இசைத்தட்டில் இந்தி, தமிழ்ச் சினிமாப் பாட்டு, மேல்நாட்டு நடன இசை. பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துத்தான் பங்சாவான் என்ற மலாய் மேடை நாடகமே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பினாங்கில் உருவானது. பினாங்குக்கே உரிய போரியாக் கூத்தும் மதராஸ் படையோடு வந்த முஸ்லிம் சிப்பாய்கள் வழியாக வேர் விட்டது என்று சொல்வார்கள். இத்தனையும் ஒரே தெருவில் கேட்ட காது அது. பிற்காலத்தில் அவர் போட்ட மெட்டுகளில் எல்லா இனத்தாருக்கும் ஏதோ ஒன்று சொந்தமாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான்.

1945-இல் பினாங்கு வானொலி நடத்திய பாட்டுப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது மூன்றாம் பரிசு. ஆம், மூன்றாம் பரிசுதான்! இன்று மேடையில் மூன்றாம் பரிசு வாங்கிக்கொண்டு முகத்தைத் தொங்கப்போடும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் விட்டுவிடவில்லை. பாட்டுக் கச்சேரிக் குழுக்களில் சேர்ந்து கல்யாண வீடு, சந்தை, விழா என்று வாசித்தார். சொந்தமாக மெட்டுப் போடத் தொடங்கினார். 1947-இல் அதே வானொலியில் முதல் பரிசு பெற்றார்.

புக்கிட் மெர்தாஜாமில் திறந்த கதவு

இனி வருவது நம் வட்டாரத்துச் சரித்திரம். 1948-இல் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு விவசாயக் கண்காட்சி நடந்தது. அங்கே மேடையில் ரம்லி தாம் இயற்றிய "அசீசா" என்ற பாட்டைப் பாடினார். கூட்டத்தில் நின்று கேட்டவர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் என்ற இந்திய இயக்குநர். 1930-களிலேயே சிங்கப்பூரில் "லைலா மஜ்னுன்" என்ற மலாய்ப் படத்தை எடுத்தவர். சிங்கப்பூரில் ஷா சகோதரர்கள் ஜாலான் அம்பாஸில் நடத்திய ஸ்டூடியோவுக்காகப் புதுக் குரல் தேடிக்கொண்டிருந்தார். "தம்பி, சிங்கப்பூருக்கு வா" என்பதுதான் அவர் விடுத்த அழைப்பின் சாரம்.

அந்தக் காலத்தில் பினாங்குப் பாலமும் இல்லை, பட்டர்வொர்த் ரயில் நிலையமும் இல்லை. தெற்கே போகிறவர்கள் கடலைக் கடந்து பிறைக்கு வந்து ரயில் ஏற வேண்டும். 1948 ஆகஸ்டு மாதம் பத்தொன்பது வயது இளைஞர் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார். கையில் பட்டமும் இல்லை, பணமும் இல்லை. பாட்டு ஒன்றுதான் முதல்.

போன இடத்தில் கதாநாயகன் வேஷம் காத்திருக்கவில்லை. ராஜ்ஹன்ஸ் இயக்கிய "சிந்தா" என்ற படத்தில் அவருக்கு வில்லன் வேஷம். கூடவே கதாநாயகன் ரூமாய் நூர் வாயசைக்க, திரைக்குப் பின்னால் நின்று பாடும் வேலை. அழகான முகம் ஒருவருக்கு, அழகான குரல் இன்னொருவருக்கு என்பதுதான் அன்றைய முறை. முகப்பருத் தழும்பு உள்ள இந்தப் பினாங்குப் பையன் கதாநாயகனா என்று நினைத்தவர்கள் உண்டு.

அந்த முறையை உடைத்தவர் நம்மவர்! எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து சிறு வயதிலேயே மலாயாவுக்கு வந்தவர். அவர் 1950-இல் "பக்தி" என்ற படத்தை இயக்கியபோது ரம்லியைக் கதாநாயகனாகப் போட்டார். இரவல் குரல் வேண்டாம், இவரே நடித்து இவரே பாடட்டும் என்றார். அன்று முதல் அந்த முகமும் அந்தக் குரலும் ஒன்றாயின. மலாய்த் திரையுலகின் மிகப் பெரிய கலைஞனுக்குக் கதாநாயகன் வாசலைத் திறந்துவிட்டது ஒரு தமிழன் கை என்பது நாம் மார்தட்டிக்கொள்வதற்காக மட்டும் சொல்வதல்ல. முதலாளிகள் சீனர்கள், இயக்குநர்கள் இந்தியர்கள், கலைஞர்கள் மலாய்க்காரர்கள் என்று மூவினமும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த காலம் அது. ஒருவர் திறமையை மற்றவர் கண்டுகொண்டதால் எல்லாருமே வாழ்ந்தார்கள்.

எஸ். ராமநாதன் என்ற தென்னிந்திய இயக்குநர் 1953-இல் "இபு", அதாவது "அம்மா", என்ற படத்தில் அவரை நடிக்க வைத்தார். கல்கத்தாவில் சைகாலை வைத்து 1938-இல் "ஸ்டிரீட் சிங்கர்" எடுத்த பணி மஜும்தார் சிங்கப்பூருக்கு வந்து "ஹங் துவா" என்ற வண்ணப் படத்தை எடுத்தார். அதற்கு ரம்லி அமைத்த இசை 1956-இல் ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது.

உழைக்கும் மக்களின் பாட்டு

அமெரிக்காவில் "கண்ட்ரி" என்று ஒரு பாட்டு வகை உண்டு. நாட்டுப்புறத்து ஏழை வெள்ளையர்களும், ரயில்பாதை வேலைக்காரர்களும், பருத்திக் காட்டு உழைப்பாளிகளும் பாடியதிலிருந்து வளர்ந்தது. அதன் தந்தை என்று போற்றப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் ரயிலில் பிரேக் போடும் வேலை செய்தவர். 1927-இல் முதல் இசைத்தட்டு. காச நோயால் 1933-இல் 35 வயதிலேயே மறைந்தார். அவர் பாட்டில் கூலிக்காரன் தன் கதையையே கேட்டான்.

ரம்லியின் இடமும் அப்படிப்பட்டதுதான். 1955-இல் அவரே இயக்கிய முதல் படத்தின் பெயர் "பெனாரெக் பேச்சா". பேச்சா மிதிக்கும் அம்ரான் என்ற ஏழைக்கும், பணக்கார வீட்டுப் பெண் அசீசாவுக்கும் உள்ள அன்புதான் கதை. நம் பட்டர்வொர்த்தில் பேச்சா மிதித்துப் பிழைத்தவர்கள் எத்தனை பேர்! வியர்வையோடு வண்டி மிதிப்பவனுக்கும் ஒரு மனசு உண்டு, அதில் ஒரு பாட்டு உண்டு என்று திரையில் காட்டினார். புக்கிட் மெர்தாஜாமில் பாடிய அதே "அசீசா" பாட்டு அந்தப் படத்தில் மீண்டும் ஒலித்தது. "பூஜாங் லாப்போக்" வரிசைப் படங்களில் காசில்லாத மூன்று பிரம்மச்சாரிகள் வாடகை அறையில் படும் பாட்டைக் காட்டி வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தார். "அந்தாரா டுவா டார்ஜாட்" என்ற 1960-ஆம் ஆண்டுப் படத்தில் மேல்சாதி கீழ்சாதி என்ற அந்தஸ்துப் பிரிவு இரண்டு உயிர்களை எப்படி வாட்டுகிறது என்று காட்டினார். அவர் மெட்டமைத்து அந்தப் படத்தில் பாடிய "கெத்தாரான் ஜீவா" இன்றும் மலேசியர் நாவில் நிற்கிறது. அதற்குச் சொல் எழுதியவர் சுடர்மாஜி. பாட்டு எழுதுகிறவரையும் கூட்டாளியாக வைத்துக்கொண்டு வேலை செய்தார் ரம்லி.

பெற்றோர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய படம் ஒன்று உண்டு. 1956-இல் மஜும்தார் இயக்கிய "அனாக்கு சசாலி", அதாவது "என் மகன் சசாலி". ஹசான் என்ற இசைக் கலைஞன் தாயில்லாப் பிள்ளையை அளவுக்கு மீறிச் செல்லம் கொடுத்து வளர்க்கிறான். கேட்டதெல்லாம் கிடைக்கிறது. கண்டிப்பு என்பதே கிடையாது. மகன் வளர்ந்து திருடனாகிறான், ரௌடியாகிறான். கடைசியில் பெற்ற தகப்பனே போலீசைக் கூப்பிட வேண்டிய நிலை வருகிறது. அப்பனாகவும் மகனாகவும் நடித்தவர் ரம்லி ஒருவரே. 1957-இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. பாட்டும் கூத்தும் பிள்ளையைக் கெடுக்கும் என்று சொல்கிறோமே. அந்தப் படத்தைப் பார்த்துத் திருந்திய அப்பன்மார் எத்தனையோ பேர் இருக்கக்கூடும்.

மொத்தம் 66 படங்களில் நடித்தார். சுமார் 250 பாட்டுகளுக்கு மெட்டமைத்தார். நடிப்பு, இயக்கம், கதை, இசை, பாட்டு என்று ஒருவரே இத்தனையும் செய்தது அபூர்வம்.

கைதட்டல் நின்றபோது

பிள்ளைகளே, இதுவரை சொன்னது ஏறுமுகம். சரித்திரம் என்றால் இறங்குமுகத்தையும் சொல்ல வேண்டும்.

1964-இல் ரம்லி சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்தார். உலு கிளாங்கில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவில் சேர்ந்தார். ஜாலான் அம்பாஸில் இருந்த வசதி அங்கே இல்லை. பழகிய கூட்டாளிகள் பலர் கூட வரவில்லை. காலமும் மாறிவிட்டது. இந்தோனேசியாவோடு ஏற்பட்ட பகையால் மலாய்ப் படங்களுக்கு அந்தப் பெரிய சந்தை அடைபட்டது. 1963 டிசம்பரில் நம் நாட்டில் தொலைக்காட்சி வந்து ஜனங்களை வீட்டிலேயே உட்கார வைத்தது. இந்தி, ஹாங்காங் வண்ணப் படங்களுக்குக் கூட்டம் முட்டி மோதியது. ரம்லியோ கறுப்பு வெள்ளையிலேயே எடுத்துக்கொண்டிருந்தார். இளைஞர்கள் பீட்டில்ஸ் மோகத்தில் மின்கித்தாரைத் தூக்கி "பாப் யே யே" என்று பாடினார்கள். பழைய பாட்டு பழசாகிப் போச்சு என்றார்கள்.

1967-இல் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவும் மூடப்பட்டது. 1972-இல் வந்த "லக்சாமானா டோ ரே மி" அவருடைய கடைசிப் படம். ஒரு காலத்தில் ஊரே திரண்டு பார்த்த மனிதர், புதிய முயற்சிகளுக்குக் கைகொடுப்பார் இல்லாமல் மனம் நொந்தார். 1973 மே மாதம் 29-ஆம் தேதி மாரடைப்பால் கோலாலம்பூரில் காலமானார். வயது 44. அவர் மனைவியும் பெயர்பெற்ற பாடகியுமான சலோமா பத்து ஆண்டுகள் கழித்து மறைந்தார்.

பிறகு என்ன நடந்தது? 1982-இல் கோலாலம்பூரின் பெரிய சாலை ஒன்று ஜாலான் பி. ரம்லி ஆனது. 1986-இல் அவர் வாழ்ந்த கோலாலம்பூர் வீடு நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. 1990-இல் டான் ஸ்ரீ விருது. பினாங்கில் பிறந்த மரவீடும் பழுது பார்க்கப்பட்டு நினைவில்லமானது. அந்தச் சாலைக்கும் அவர் பெயரே. எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் சாலையும் பட்டமும் அவர் காதில் விழுமா? 1962-இல் கிடைத்த ஏ.எம்.என். விருது ஒன்றுதான் அவர் உயிரோடு இருந்தபோது கையில் வாங்கிய நாட்டின் விருது. இருக்கும்போது ஒரு வாய் சோறு கொடுக்காதவன் செத்த பிறகு படையல் போட்டானாம் என்று நம் கிழவிகள் சொல்வது இதைத்தான்.

நம் வீட்டுப் பாட்டு

எங்கள் தோட்டத்தில் ஒரு கிழவி இருந்தார். பால் வெட்டிக் கால் ஓய்ந்து லயத்து வாசலில் உட்கார்ந்திருப்பார். எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அந்தப் பிள்ளையின் பேரைச் சேர்த்துத் தாலாட்டுக் கட்டுவார். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அந்த மனிதரின் வாழ்க்கையை அப்படியே ஒப்பாரியாக்குவார். கப்பல் ஏறி வந்தது, காட்டை அழித்தது, கங்காணியிடம் பட்ட அடி, ஜப்பான்காரன் காலத்துப் பசி எல்லாம் அதில் வரும். எழுத்து வாசனை இல்லாதவர். ஆனால் ஒரு முறை பாடியதை மறுமுறை அப்படியே பாடமாட்டார். புதுசு புதுசாக வரும்.

நாங்கள் என்ன செய்தோம்? "பாட்டி ஆரம்பிச்சுட்டாங்கடா" என்று சிரித்துக்கொண்டு ஓடினோம். பள்ளிக்கூடம் போய் எழுதக் கற்றுக்கொண்ட எங்களில் ஒருவனுக்குக்கூட ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து அதை எழுதி வைக்கத் தோன்றவில்லை. அவர் போனார். பாட்டும் போயிற்று. பிறகு தோட்டமும் துண்டாடப்பட்டது, லயமும் போயிற்று. எனக்கு நினைவிருப்பது இரண்டே இரண்டு அடி. அதுவும் சரியா என்று கேட்க ஆளில்லை. ரம்லிக்காவது இசைத்தட்டும் படச்சுருளும் மிஞ்சின. எங்கள் கிழவிக்கு நாங்கள்தான் இசைத்தட்டாக இருந்திருக்க வேண்டும். நாங்கள் தவறிவிட்டோம்.

ஆகையால், இன்று பரிசு வாங்கும் மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை. வீட்டுக்குப் போனதும் பாட்டியிடமோ தாத்தாவிடமோ, "உங்களுக்குத் தெரிந்த பாட்டு ஒன்னு பாடுங்க" என்று கேளுங்கள். வெட்கப்படுவார்கள். "அதெல்லாம் மறந்து போச்சுப்பா" என்பார்கள். விடாதீர்கள். பாடியதைப் பேச்சு மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். யார் பாடியது, எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று கீழே குறித்து வையுங்கள். கைப்பேசியில் பதிவும் செய்து வையுங்கள். அதுவும் நாட்டுச் சரித்திரம்தான்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை படிக்கட்டும், நன்றாகவே படிக்கட்டும். ஆனால் மேசையில் தாளம் போட்டுக்கொண்டு ஏதாவது முணுமுணுத்தால் உடனே அதட்டிவிடாதீர்கள். ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள். புக்கிட் மெர்தாஜாம் கண்காட்சியில் ராஜ்ஹன்ஸ் செய்தது அவ்வளவுதான்: நின்று கேட்டார்.

அடுத்த முறை பெரி ஏறி அக்கரைக்குப் போகும்போது ஜாலான் பி. ரம்லி பக்கமாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தச் சின்ன மரவீட்டைக் காட்டுங்கள். "இந்த வீட்டுப் பையனோட அம்மா நம்ம ஊர்க்காரங்க" என்று சொல்லுங்கள்.

வாழ்க கலை! வளர்க நம் பள்ளி!